பத்து வாளி

தேசிங்கு அண்ணன் கையில் வேப்பங்கவை.
கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டு, ஈ பிளாக் மைதானம்.
மைதானம் என்றால் நாலு பைக்கும்
ஒரு கிழிந்த பேட்மிண்டன் வலையும்.
போர் போட வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு வசூலாகியிருந்தது.
எங்கே குத்துவதென்று அவர் சொல்ல வேண்டும்.
அவர் சொல்வது சரிதானா என்று
நான் கேட்டுத் தொலைத்தேன்.

"ஸ்கூல்ல பிப்பெட்டு கழுவுற பொம்பளைக்கு
இன்னா தெரியும்?" என்றது மூன்றாம் மாடி.
அவருக்குக் கோபமில்லை.
முப்பது வருஷம் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர்,
லோடு தூக்குமுன் கயிற்றை இழுத்துப் பார்த்தே பழகியவர்.
"பாத்துடலாம் ஜெசிந்தா. எப்படின்னு நீயே சொல்லு."
அதற்கு நான் தயாராயில்லை.

இருவரும் சேர்ந்தே எழுதினோம்
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.
பத்துப் பெயிண்ட் வாளி, மூடியோடு.
தண்ணீரா மணலா என்பது காசு சுண்டி.
வாளித் தண்ணீர் போதுமா அண்ணே?
போதும்.
ஓட வேண்டாமா?
வேணாம், நின்னாலும் தெரியும்.
எத்தனை சரியா வந்தா ஒத்துக்குவ?
ஒன்பது. கண்ணை மூடிச் சொன்னாலே அஞ்சு வருமே.
கையெழுத்துப் போட்டார், தேதியோடு.

முதலில் மூடி திறந்தபடி.
பத்துக்குப் பத்து.
தண்ணீரைக் கண்டு கவை தலைகுனிந்ததை
பொய்யென்று சொல்ல மாட்டேன்.
மணிக்கட்டில் நரம்பு புடைத்தது,
பட்டை உரிந்து உள்ளங்கை சிவந்தது.

பிறகு மூடிகள்.
எட்டு.

மூன்றாம் மாடியிலிருந்து விசில்.
என் வயிற்றில் என்னவோ இறங்கியது,
பயமில்லை அது, ஆசை.
இருந்துவிட்டால்தான் என்ன, இப்படியொன்று
மண்ணுக்கும் கைக்கும் நடுவில்?

அப்போதுதான் இர்ஃபானைப் பார்த்தேன்.
வாளிகளை நிரப்பியவன், வரிசை முனையிலேயே நிற்கிறான்.
தண்ணீர் வாளியை அவர் நெருங்கினால் மூச்சடக்குகிறான்,
மணலென்றால் மூக்கைச் சொறிகிறான்.
கள்ளமில்லை, ஒன்பது வயசு.
நிற்கவிட்டது நான்.
சொன்னேன். அவரே பேனா வாங்கி
எட்டை அடித்தார்.

மறுபடி.
இம்முறை சுண்டியது பேபி அக்கா,
நாங்களெல்லாம் பிளாக்குக்குப் பின்னால்.
நிரப்பிவிட்டு வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.
ஈரம் காட்டிக்கொடுக்காதிருக்க
எல்லா வாளிக்கும் வெளியே தண்ணீர் தெளித்திருந்தாள்.
கூட்ஸ் வண்டி கடந்து தரை அடங்கும்வரை
கண்மூடி நின்றார்.
கவை அதேபோலத்தான் குனிந்தது. அதே நரம்பு.
நாலு.

யாரும் சிரிக்கவில்லை, அதுவரை நிம்மதி.
"ஓடற தண்ணியா இருந்திருந்தா..." என்று தொடங்கினார்.
நோட்டைப் பார்த்தார்.
தன் கையெழுத்தைப் பார்த்தார்.
வாக்கியத்தை அப்படியே விட்டார்.
அதற்கு நான் கைதட்டியிருக்கலாம். தட்டவில்லை.

"அப்போ நூத்திப் பன்னண்டு போரு?
எல்லாத்துலயும் வந்துச்சே தண்ணி?"

வந்தது அண்ணே.
நீங்கள் வேண்டாமென்ற இடத்தில்
ஒருவரும் குத்திப் பார்க்கவில்லையே.
கடலுக்கு இத்தனை பக்கத்தில்
டீக்கடை பெஞ்சுக்கடியில் குத்தினாலும் இருபதடியில் வரும்.
வந்து, வாயில் உப்பு, பாத்திரத்தில் மஞ்சள்.
இதைச் சொல்லக் குரல் எழும்பவில்லை.
எழும்பாத குரலிலேயே சொன்னேன்.

கவையை அவர் முறிக்கவில்லை.
ஒரு வாளியின் மேல் கிடத்தினார்.
"அப்போ இன்னாதான் ஆட்டுது?"
என்னைக் கேட்கவில்லை, கையைக் கேட்டார்.
மனசு முந்திக்கொள்ளும், விரல் பின்னால் போகும் என்றேன்.
"எனக்கே தெரியாமலா?"
உங்களுக்கே தெரியாமல்தான்.

மெட்ரோ வாட்டர் லாரியின் ஹாரன்.
மணலைக் கொட்டினோம், தண்ணீரைக் கொட்ட மனசில்லை.
சோதனை வாளிகள் குடங்களோடு வரிசையில் போய் நின்றன.
மூன்றாம் மாடியும் இறங்கி வந்தது.

அவர் மட்டும் இர்ஃபானிடம் ஒரு ரூபாய் வாங்கினார்.
சுண்டினார். பிடித்தார்.
மூடிய கையை என் பக்கம் நீட்டி,
"தலை" என்றார்.
"தொறக்கறதுக்கு முன்னாடி எழுதிக்கோ."