டொலீடோ, செவ்வாய், இரண்டாம் ஆட்டம்

மூன்று நாளாய்ப் பேச்சில்லை.
ரேடியோவை அடகு வைத்துவிட்டேன், அதுதான்.
ஆனாலும் பக்கத்து நாற்காலியில்தான் பிரோஷ்கா,
கைப்பை நடுவே மதில்.

திரையில் கோடீஸ்வரன் மகள்
தட்டுகளை வீசிக்கொண்டிருந்தாள்.
தட்டு ஒன்றுக்கு என் அரைநாள் கூலி
என்று கணக்குப் போட்டேன்.
குனிந்து தப்பித்த மாப்பிள்ளை
கல்யாண கேக்கில் போய் உட்கார்ந்தான்.

பக்கத்தில் ஒரு ‘க்ர்ர்க்.’
பன்றிக்குட்டிச் சிரிப்பு, அவளுடையது.
வாயைப் பொத்தினாள்,
மூக்கு வழியாக வந்தது.
முன்வரிசைத் தொப்பிக்காரர் முறைத்தார்.

முத்தக் காட்சியில்
இருவரும் திரையை மட்டும் பார்த்தோம்.

வெளியே நடைபாதையெல்லாம் உறைபனி.
தொப்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
விழுந்தது நான்,
விழுந்து விழுந்து சிரித்தது அவள்.

வழுக்கியதா, வழுக்கவிட்டேனா?
அவள் கேட்கவில்லை.
கையை மட்டும் நீட்டினாள்.