நம்பர் போட்ட தாள்

மாங்குளச் சந்தியில் என் கடை.
நாலு கொம்பியூட்டர், அதில் மூன்றரை வேலை செய்யும்;
நாலாவதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டவேணும்.
பகலில் பரீட்சை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், போட்டோக்கொப்பி.
இரவு எட்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினால்
நாங்கள் நாலு பேர், ஓர் அணி.

ஆட்டத்தின் சட்டம் சின்னது.
உள்ளே கொண்டுபோனது உன்னுடையதல்ல,
வெளியே கொண்டுவந்தால்தான் உன்னுடையது.
இருபத்தைந்து நிமிடம். வாசல் இரண்டு.
செத்தால் துவக்கு, சப்பாத்து, தண்ணிப் போத்தல்
எல்லாம் எவனோ சிங்கப்பூர்க்காரனுக்கு.

அன்றைக்கு இணையம் படுத்துவிட்டது.
ஆட்டம் ஏறவில்லை, ஆகவே சண்டை:
எந்தத் துவக்குத் திறம்?
அபிசாவின் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
லிதுர்சன் பின்பக்கம் திருப்பினான்.
"கடைசியிலயிருந்து வருவம்."

கடைசி, கைத்துவக்கு. நாங்கள் வைத்த பெயர் சில்லறை.
மிச்சக் காசில்லாமல் கடைக்காரன் நீட்டும் ரொபி போல
ஒன்றுமில்லாதவனுக்கு ஆட்டம் கொடுப்பது.
இதில் மட்டும் ஒருவருக்கும் மறுப்பில்லை.

அடுத்தது தையல்மெசின்.
கடகடவென்று முப்பது சன்னம்:
சுவருக்கு நல்ல தையல், ஆளுக்கு ஒரு கீறல்.
"நீ கை நடுங்கிச் சுடுறாய், மெசினில பிழையில்லை"
என்று கஜீபன் கத்தியதில் ஒரு படி ஏறியது.
எங்கள் வீட்டு உண்மையான தையல்மெசின்
விசுவமடு வரைக்கும் வந்தது.
அதற்கு அங்கால் வரவில்லை.
அதை நான் சொல்லவில்லை, பட்டியலுக்குத் தேவையில்லை.

கதவுடைப்பான், மாடிப்படியில் ராசா,
வெட்டவெளியில் பிச்சைக்காரன்.
அதை எங்கே வைப்பதென்று அரை மணித்தியாலம்.
வெட்டி, எழுதி, அம்புக்குறி போட்டு, திரும்ப வெட்டி.

பிறகு கொக்கு. நீளக் குழல், ஒற்றைக் கண்.
வவுனிக்குளத்து அலைகரையில் நிற்பதைப் போல
பதினெட்டு நிமிடம் புல்லுக்குள் கிடந்து
ஒரு மீனுக்காக முழு ஆட்டத்தையும் தொலைப்பான் கஜீபன்.
அவனுக்கு அதுதான் முதலிடம்.
லிதுர்சனுக்குக் கரிக்குருவி:
சத்தமில்லை, உதைப்பில்லை,
செத்தவனுக்கே இரண்டு நொடி கழித்துத்தான் தெரியவரும்.

அதுவரை றோல்ஸ் தின்றுகொண்டிருந்த அபிசா,
பழைய இரும்புக் கடையில் கணக்கெழுதுகிறவள்,
விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"செம்பு முதலிடம். அடுத்தது பித்தளை.
அலுமினியம், ஈயம் பிறகு.
குழல் எதுவெண்டாலும் இரும்பு, அது கடைசி.
கறள் பிடிச்சிருந்தால் கிலோவுக்கு அஞ்சு ரூபா கழிவு."
நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
லிதுர்சன் அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.

பத்து மணிக்கு இணையம் எழும்பியது.
ஆலைக் கட்டடத்தின் மேல்மாடியில்
பொன் முலாம் பூசிய கரிக்குருவி
அபிசாவின் காலடியில்தான் கிடைத்தது.
நாலு தலை ஒரே திரையில்.
வாசல் மூட இரண்டு நிமிடம்.
பாரம் கூடி அவள் ஓட்டம் நடையானது,
நடை தவழலானது.
அவள் யோசிக்கவே இல்லை.
துவக்கைக் கோரைப்புல்லுக்குள் எறிந்துவிட்டு ஓடினாள்.

"விசரி! செம்புக் கம்பிச் சுருளை வைச்சிருக்கிறாய்,
துவக்கை எறிஞ்சிட்டாய்!"
எடுக்கத் திரும்பினான் கஜீபன்.
அவனைக் காக்கத் திரும்பினான் லிதுர்சன்.
கோரைப்புல்லுக்குள் ஏற்கெனவே ஒரு கொக்கு நின்றிருக்கிறது.
நானும் அவளும் வெளியே வந்தோம்,
என்னிடம் சில்லறை மட்டும்.

மறுநாள் அந்தத் தாளைத் தேடினேன்.
"நம்பர் போட்ட தாள், ஒண்டு குறைஞ்சாலும்
முதலாளி கேட்பார்" என்றாள் அபிசா.
முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாளாம்:
கலவை இரும்பு, நூற்று நாற்பத்தேழு கிலோ.
லொறி அந்நேரம் தம்புள்ள தாண்டியிருக்கும்.
சாரதியின் சட்டைப் பையில், வியர்வை ஊற,
கொக்கா கரிக்குருவியா என்று
முடிக்காமல் விட்ட வரி.