எஸ்பொசிட்டோ தட்டு

நேப்பிள்ஸில், லிஃப்ட் பழுதான கட்டடத்தின்
நான்காம் மாடி.
அலமாரியின் நடுத்தட்டில்
இருபத்தேழு எஸ்பொசிட்டோக்கள்
தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள்.

மாண்டலின் அனியெல்லோ எஸ்பொசிட்டோ.
கப்பலில் வாசித்தே காது மந்தமான
கிளாரினெட் கதெல்லோ எஸ்பொசிட்டோ.
'எஸ்பொசிட்டோ சகோதரர்கள்' என்றொரு டிரம்பெட் ஜோடி.
சகோதரர்களே அல்ல, மாமன் மச்சான்.
இரண்டு பேரும் எஸ்பொசிட்டோ,
கல்யாணத்துக்கு முன்பே.

நானும்தான். சோஸியோ எஸ்பொசிட்டோ.
தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன்.
எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது.
பழைய சாமான் கடையில்
அட்டை மேல் என் பெயரைப் பார்த்து
முதல் இசைத்தட்டை எடுத்தேன்.
ரசீது போடும்போது பெயர் கேட்ட கடைக்காரர்
சிரித்துக்கொண்டே
குடும்பத்துக்குத் தள்ளுபடி என்றார்.

பிலொமேனா கேட்பாள்:
இந்தக் குடும்பத்தில் ஒருத்தராவது
நம் மகள் கல்யாணத்துக்கு மொய் வைத்தார்களா?

வைக்கவில்லை.
வைக்க அவர்கள் யார், நான் யார்.

அனுன்ஸியாட்டா தேவாலயத்துச் சுவரில்
முன்பு ஒரு துவாரம் இருந்தது.
அதற்குள் மர உருளை.
ராத்திரியில் யாரோ வருவார்கள்,
துணியில் சுற்றியதை வைத்துவிட்டு
மணி அடித்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போவார்கள்,
அல்லது பார்த்துக்கொண்டே போவார்கள், யாருக்குத் தெரியும்.
உள்ளே இருப்பவள் உருளையைத் தள்ளுவாள்.
அரைச் சுற்று.
ஒரு வம்சம் தொடங்க அவ்வளவு போதும்.

அப்பா பெயர் கேட்கும் கட்டத்தில்
எழுத்தர் எழுதியது எஸ்பொசிட்டோ.
வெளியே வைக்கப்பட்டது என்று அர்த்தம்.
பால் பாத்திரத்தைச் சொல்வது மாதிரி,
ஈரக் குடையைச் சொல்வது மாதிரி.

ஆக, இந்த இருபத்தேழு பேருக்கும்
ஒரே பெயர் இருப்பதே
ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை என்பதற்கு அத்தாட்சி.
பங்காளிச் சண்டை கிடையாது. பாகப்பிரிவினை கிடையாது.
ஊசியை வைத்தால் ஒவ்வொருவராய் வருவார்கள்,
வந்த வழி சொல்லாமல்.

பத்தொன்பதாவது ஒரு சின்னத் தட்டு.
பின்பக்கத்தில் பொடி எழுத்து:
இரண்டாம் குரல், ஆ. எஸ்பொசிட்டோ.
கடைசிச் சரணத்தில்தான் அவள் நுழைகிறாள்.
நாற்பது விநாடி இருப்பாள்.
நுழைவதற்கு முன் ஒரு மூச்சு,
மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி.

அந்த மூச்சுக்காகத்தான்
டெலிபோன் டைரக்டரியைத் திறந்தேன்.
எஸ்பொசிட்டோ மட்டும் பக்கம் பக்கமாக.
ஆதா, ஆகத்தா, ஆல்பா, ஆஞ்சலா...
ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
ஒரு ஞாயிறுக்கு மூன்று பேர்.
ஒருத்தி பல் டாக்டர். ஒருத்தி இறந்து எட்டு நாள்.
ஒருத்தி, நான் எதையோ விற்க வந்தவன் என்று
வாயில் வந்ததெல்லாம் சொன்னாள்.

பொஸ்ஸுவோலியிலிருந்து ஆதொலொராத்தா:
பாட்டா? நான் நெத்திலி விற்கிறவள்.
கொஞ்சம் நிறுத்தி,
ஆனாலும் கேட்டுவிட்டீர்களே என்று
காது கிழிய ஒரு கூவு கூவினாள்.
நெத்திலீ, உயிரோடு, உயிரோடு!
அந்தக் குரல் அல்ல.
விலை சொன்னாள். நியாயமான விலை.

'ஆ' முடிவதற்குள் என் ஓய்வுக்காலமே முடிந்துவிடும்
என்று விட்டுவிட்டேன்.

போன புதன்கிழமை போன் அடித்தது.
சோஸியோ எஸ்பொசிட்டோவா?
ஆமாம்.
படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவர்தானே?
அந்தப் பக்கம் காற்று, பின்னால் ஒரு நாய்.
இல்லை, அது வேறு சோஸியோ என்று
சொல்லியிருக்க வேண்டும்.

மோட்டார் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டேன்.

அந்த ஆள் தயங்கவே இல்லை.
உதட்டைக் கூட்டி,
புட் புட் புட் என்று எடுத்து,
நடுவில் ஒரு இருமல் வைத்து,
மேலே போய், உடைந்து,
சட்டென்று நின்றார்.
இந்த இடத்தில்தான், என்றார்.
எப்போதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

பிலொமேனா குழாயை மூடிவிட்டு
ஈரக் கையோடு வந்து நின்றாள்.

இன்னொரு தடவை, என்றேன்.