தட்டை மூடி

கொன்றது நான்தான்.
ஜனவரி பதினொன்று, செவ்வாய்,
மூன்றாவது சட்டத்தை அவசரமாக இறக்கினபோது.
இரவு ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தேன்,
உடம்பில் சால்மன் வாடை போகவில்லை.
கெம்ச்சி விரிகுடாவில் தண்ணீர் வடிந்து
படகுகள் வயிறு தெரியச் சாய்ந்து கிடந்தன.
தடித்த கையுறை, கட்டைவிரலுக்கடியில்
ஈரமாய் ஒரு சின்ன முறிவு.
அவ்வளவுதான்.

சாப்பிட்டுத் திரும்புவதற்குள் பெட்டிக்குத் தெரிந்துவிட்டது.
ஆலையில் மின்சாரம் போனதும்
நாற்பது பெண்கள் ஒரே மூச்சில் பேசுவோமே,
அந்தச் சத்தம்.

மச்சினன் எலெயுத்தேரியோ போனில் சொன்னான்:
ஒசோர்னோவிலிருந்து பஸ்ஸில் ராணி வரும்,
பன்னிரண்டாயிரம் பேசோ,
தீப்பெட்டி அளவு கூண்டில், கூடவே ஐந்து தோழிகள்.
அவனுக்கு எல்லாமே பஸ்ஸில் வரும்.
காப்பி டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். பணம் இருந்தது.
கொன்ற கையால் இன்னொருத்தியை இறக்க
மனம் வரவில்லை என்றேன்.
பொய். இவர்கள் இந்த மழைக்குப் பழகினவர்கள்,
ஒசோர்னோக்காரி எப்படியோ.

நாலாம் நாள் திறந்தேன்.
அடையின் முகத்தில் ஏழு அறைகள்
தலைகீழாய்த் தொங்கின,
வெட்டி எறிந்த கையுறையின் சுண்டுவிரல்கள்.
மூன்று அதற்குள் மூடியிருந்தன.
முந்திக்கொண்டார்கள் என்று மகிழக்கூடாது:
வயது கடந்த புழுவைப் பிடித்து
அரைவயிற்றுப் பாலில் ராணியாக்கப் பார்த்திருக்கிறார்கள்.
துக்கத்தில் யாரும் செய்யக்கூடியதுதான்.
மீன் கத்தியால் மூன்றையும் கிள்ளினேன்.
மற்ற நாலும் வெள்ளைப் பாலில்
நகக்கீற்றுகளாய் வளைந்து மிதந்தன.

பிறகு வேலையில்லை.
வேலையில்லாமலிருப்பது என்ன பாடு!
ஆலைச் சுவரின் ஷிப்டு காலண்டரில்
பென்சிலால் புள்ளி வைத்தேன்.
பன்னிரண்டாம் புள்ளியில் ஒருத்தி வெளியே வந்திருப்பாள்,
மற்றவர்களைத் தொட்டிலிலேயே குத்தியிருப்பாள்.
பெட்டியில் காது வைத்தேன். மழைதான் கேட்டது.

"புள்ளியெல்லாம் விடுப்பா?" என்றாள் ஹெர்மிந்தா.
"கல்யாணம்."
"யாருக்கு?"
"மழை நின்றால் சொல்கிறேன்."

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.
அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வெயில் மதியம்,
காற்றடங்கிய வானம்,
அதில் பத்துப் பதினைந்து ஆண்கள்.
பிந்தினால் முதிர்ந்துபோவாள்,
பிறகு ஆண்களை மட்டுமே பெறுவாள்.
கூரைப் பலகைகள் ஊறி வீங்கின.
அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டே இருந்தது.

இருபத்து நாலாம் நாள்
இரண்டு மணிக்கும் நாலுக்கும் நடுவே
வானம் கிழிந்ததாம்.
அந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்டு,
ஜன்னலில்லாத கூடம், முழங்கால்வரை பனிக்கட்டிக் குளிர்.
வெயிலடித்ததே
பஸ் ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும்.

முப்பதாம் நாள், வெளிச்சம் தோளுக்கு மேலாக
அறைகளுக்குள் விழும்படி சட்டத்தைச் சாய்த்தேன்.
ஒன்று. நூல்துண்டை நட்டுவைத்ததுபோல்.
ஒன்று. ஒன்று. காலி. ஒன்று.
இரண்டு.
மூச்சு அடைத்தது.
வேலைக்காரிகளே இடத் தொடங்கினால்தான்
ஓர் அறையில் இரண்டும் மூன்றும்.
புதுராணியும் முதல் வாரம் கணக்குத் தப்புவாள்.
யார் இட்டதென்று முட்டை சொல்லாது,
மெழுகு மூடி சொல்லும்:
குமிழாய் உப்பினால் ஆண், பெட்டி முடிந்தது.
தட்டையென்றால் மகள்கள்.

எலெயுத்தேரியோவுக்குச் சொல்லவில்லை.
சரிவு முழுக்க உல்மோ மரங்கள் பூத்துவிட்டன,
மற்ற பெட்டிகள் வாசலில் நெரிசல்.
மறுபடி ஒன்பது புள்ளி.

பெப்ரவரி பத்தொன்பது, சனி.
கையுறையைக் கழற்றி வேலியில் மாட்டினேன்.
மூன்றாவது சட்டம், இம்முறை
ஒரு கொட்டு வாங்கிக்கொண்டு, மெதுவாக.
தட்டை. தட்டை. தட்டை.
பிஸ்கட் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு.
நடுவே ஒன்று உப்பியிருந்தது.
ஒன்றுதானே, இருக்கட்டும்.

அவளை நான் பார்க்கவில்லை.
தேடவும் இல்லை.