நூறு டாலருக்கு நூறு டாலர்

நூறு டாலரைக் கொடுத்து
நூறு டாலர் வாங்குகிறேன்.
காசாளர் டார்லாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை.
"சலவைக்கடை வைத்திருக்கிறாயா?"
"இல்லை."
"தேவாலயத்துக்கா?"
"இல்லை, டார்லா."
கண்ணாடிக்கு அடியில் நுழையாத பெட்டியைப்
பக்கக் கதவு வழியே தள்ளிவிடுகிறாள்.
ஐம்பது உருளை, உருளைக்கு நாற்பது,
பத்து கிலோ ஐந்து சென்ட்.
பனியில் சறுக்கினால்
முதலில் பெட்டியைத்தான் பிடிப்பேன்.

ஹான்காக்கில் மார்ச்சிலும் ஜன்னல் பாதிவரை வெள்ளை.
ஆஸ்பத்திரியில் இரவுமுறை முடித்து வந்து
காலுறையைக்கூடக் கழற்றாமல்
சமையலறை மேசையில் துண்டை விரிக்கிறேன்.
துண்டு எதற்கென்றால்,
காசுச் சத்தம் கேட்டால்
நான் சூதாடுவதாகக்
கீழ்வீட்டு லெம்பி நினைக்கிறாள்.
முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது.

மேசை விளிம்பில் ஒரு தட்டு.
காகிதம் வாய்பிளக்கும்.
ஆண்டைப் படிக்குமுன் நிறமே சொல்லிவிடும்:
போர்க்காலக் காசு மட்டும் அழுக்குச் சாம்பல்,
மழைக்கு முந்திய ஏரி போல.
நிக்கலைப் போருக்கு அனுப்பிவிட்டு
வெள்ளி கலந்து அடித்தார்கள்.
மாளிகைக் கூரைக்கு மேலே
ஒற்றை எழுத்து, பெரிதாக.
அந்த எழுத்துக்காக
இரண்டாயிரம் மாளிகைகளைக் குப்புறப் போடுகிறேன்.
ஒன்று கிடைத்தால் நல்ல நாள்.
பெட்ரோல் செலவைக் கேட்காதீர்கள்.

பார்த்து முடித்ததைப் பாலம் தாண்டி
ஹோட்டன் கிளையில் கொட்டுவேன்.
வாங்கிய இடத்திலேயே கொட்டினால்
கொட்டியதே வந்து சேரும்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
நான் எந்த ஆறு என்றும் பார்த்துப் போடுகிறவள்.

ஜனவரியில்
ஒரு காசின் தாடையில் சிவப்புப் பொட்டு.
நகப்பூச்சு.
அடுத்ததிலும்.
அதற்கடுத்த உருளை முழுக்க
அம்மை போட்ட முகங்கள்.
பார்த்தாயிற்று, விட்டாயிற்று என்று அர்த்தம்.
எனக்கு முன்னால் யாரோ.
என் ஆற்றின் மேல்துறையில்.

முப்பது உருளை, ஒரு வெள்ளி இல்லை.
நாற்பத்தொன்றாவதில் ஒரு காட்டெருமை!
அதன் விலாவிலும் பொட்டு.
திருப்பினேன். ஆண்டு இல்லை.
அந்தக் காசில் ஆண்டைத் தோள்மேட்டில் பொறித்துவிட்டார்கள்,
கை பட்டுப் பட்டு முதலில் போவது அதுதான்.
ஆண்டு போனால் விலை போச்சென்று
திருப்பி அனுப்பியிருக்கிறார் அந்த மேல்துறைக்காரர்.

எனக்குப் பொல்லாத கோபம்.
தேவாலய நடனத்துக்குப் பெயர் கொடுக்கையில்
பிறந்த ஆண்டுக் கட்டத்தை
வெறுமனே விட்டவள் நான்.
எருமையை ஊறுகாய்ப் புட்டியில் போட்டேன்.
மற்ற காசுகளில் அன்று முதல்
சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் வைத்தேன்.
நானும் பார்த்தாயிற்று.

பிறகொரு வெள்ளிக்கிழமை,
வங்கி வாசலில் ரெய்னோ.
விடிகாலையில் பனிவண்டி ஓட்டி
என் கார் வெளியேறும் வழியில்
சுவர் எழுப்பிவிட்டுப் போகிற அதே ரெய்னோ.
நெஞ்சோடு ஒரு பெட்டி.
கட்டைவிரல் நகக்கண்ணில்
துடைத்தும் போகாத சிவப்பு.
கதவைப் பிடித்தேன்.
"கனம்" என்றார்.
"பத்து கிலோ" என்றேன்.
ஒரு கணம் நின்றார்.
என் விரல்களைப் பார்த்தார்.
போய்விட்டார்.

மறுநாள் காலை
அதே பனிச்சுவர், அதே உயரம்.
மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஏப்ரல் முதல் பெட்டி,
பன்னிரண்டாவது உருளை.
ஒரு தாடையில் சிவப்பு, அருகில் என் நீலம்,
இரண்டும் மங்கிப் போய்.
அதற்குக் கீழே
இன்னும் பூச்சின் வாசம் போகாமல்
பச்சை.