இரண்டு மாத்திரை

ஒத்திகை ஏழு மணிக்கு என்றால்
ஏழு மணிக்கு முதல் சுரம்.
மேலங்கி கழற்றுவது, பூட்ஸ் பனியைத் தட்டுவது,
வானிலையைத் திட்டுவது
எல்லாம் அதற்கு முன்னால்.
ராக்ன்ஃப்ரிட் இதை யாரிடமும் சொன்னதில்லை.
கடிகாரத்துக்கு முதுகு காட்டி நிற்பார்.
கை உயரும்.

வார்டோ தீவை விட்டு
நவம்பரில் போன சூரியன் இன்னும் வரவில்லை.
அக்கரையிலிருந்து வருகிறவர்கள்
கடலுக்கு அடியில் சுரங்கப் பாதையில் வர வேண்டும்.
புயலில் பாதை அடைத்த நாட்களில்
தாமதமாக வருகிறவருக்குக் கதவு திறக்கத் தெரியும்:
பாட்டு ஓடும்போது நுழைந்துவிட வேண்டும்,
நின்ற பிறகு கூடாது.
மன்னிப்புக் கேட்கக் கூடாது,
அதுவும் சத்தம்தான்.

நான் பியானோக்காரி.
பாட வராது; அதனால் எல்லாம் காதில் விழுகிறது.
ஆண்கள் தங்கள் வரியைப் பழகும்போது
பெண்கள் வரிசையில் யார் வாய்மூடி முனகுகிறார்,
யார் பக்கத்து நாற்காலியின் பிசகைத் திருத்துகிறார்
(அவருடையதும் பிசகுதான்),
இரவல் தாளில் யார் பேனாவால் கிறுக்குகிறார்.
தொண்டை மாத்திரை பிரிப்பதில் இரண்டு வகை.
ஒரே கிழியில் கிழித்து வாயில் போடுகிறவர்கள்.
யாருக்கும் கேட்கக் கூடாதென்று
மெல்ல, மெல்ல,
ஒரு பக்கம் முழுக்கப் பிரிக்கிறவர்கள்.

செண்ட் பூசி வரக் கூடாது,
எல்பியோர்குக்கு மூச்சு இழுக்கும்.
கீழே மீன் ஆலையில் வேலை முடித்து
நேராகப் படியேறும் மூன்று டெனர்களிடம்
காட் மீன் வாடை.
அதைப் பற்றி விதி வாய் திறக்காது.
அந்த வாடையால்தான்
ஆலைச் சாப்பாட்டுக் கூடம் எங்களுக்கு வாடகையில்லாமல்.

மூன்றாம் பக்கத்தில் ஓர் இடம்.
நான்கு குரலும் ஏறி ஏறிப் போய்
விளிம்பில் சட்டென்று நிற்கும்.
இரண்டு மாத்திரை மௌனம்,
இமை மூட ஒன்று, திறக்க ஒன்று.
பிறகு எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும்.

ஹால்வார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
அடித்தொண்டைக் குரல்,
நங்கூரச் சங்கிலி இறங்குவதுபோல.
போன செவ்வாய், இமை மூடியதும்,
அவர் விழுந்துவிட்டார்.
தனியாக.
முழுக் குரலில்.
கூடத்தின் கரண்டிகள்கூட அதிர்ந்தன.

முப்பத்தொன்பது கழுத்துகள் இருந்தன அங்கே.
ஒன்றும் திரும்பவில்லை.
சிரிப்பை அடக்கும் அந்த மூக்குச் சத்தம்
ஒரு மூக்கிலிருந்தும் வரவில்லை.
நான் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவற்றில் புதிதாக ஏதோ எழுதியிருப்பதுபோல.
ஹால்வாரின் காது மட்டும் சிவந்தது.
அதை நான் பார்த்தேன்.
ஆக, பார்க்காமல் இருக்க எனக்கு இன்னும் வரவில்லை.

ராக்ன்ஃப்ரிட் பெயர் சொல்லவில்லை, வரிசையும் சொல்லவில்லை.
"மூன்றாம் பக்கம். எல்லோரும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்."
நாற்பது தலைகள் குனிந்தன.
பதினோரு வருடமாக அந்த இடத்தில் பிசகாத சொப்ரானோவும்,
ஏற்கெனவே மூன்று கோடு போட்டிருந்த டெனரும்,
பென்சிலை மறந்துவந்து
விரல் நகத்தால் கீறியவரும்.
எழுதக் குனிந்த கூட்டத்தில்
எது ஹால்வாரின் தலை என்று
எனக்கே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு நாற்காலி அடுக்க
யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.
ஹால்வார் ஆறாறாகத் தூக்கிக்கொண்டு போனார்.
என் முக்காலியையும்.

இந்தச் செவ்வாய் அந்த மௌனத்தில்
அவர் மூச்சே விடவில்லை.
விடாத மூச்சு அடுத்த வரிக்கு வேண்டியிருந்தது;
அங்கே வராமல் போனார்.
மறுபடியும் பென்சில்களின் சரசரப்பு.

என் தாளிலும் இரண்டு கோடுகள் இருக்கின்றன.
அந்தப் பக்கத்தில்
பியானோவுக்கு வேலையே இல்லை.