குளம் நிறைந்தால் ஓட்டம் இல்லை

முதல்முறை மூடியது தாசில்தார்.
ஒரு தாள், நாலு முள்கம்பு.
அடுத்த முறை
கொம்பையாவின் தோள்பட்டை.
மூன்றாவதாக யாரும் மூடவில்லை,
ஐப்பசியில் மறுகால் பாய்ந்தது.
இடப்பக்கமே திரும்பும் எங்கள் வட்டத்தின் மேல்
நாரைகள் நின்றன.

பணகுடியே தண்ணீரைக் கும்பிட்டது.
நானும் கும்பிட்டேன்,
பெட்ரோல் வாசம் போகாத கையால்.

பிசானம் அறுத்தாயிற்று. மீன் ஏலமும் முடிந்தது.
ஆனியில் வெடித்துக் கிடக்கிறது குளம்.
சுண்ணாம்பு வாளியோடு இறங்குகிறான் ஜெபஸ்தியான்.
நத்தை ஓடுகள் நொறுங்க நொறுங்க
கோடு வளைகிறது,
போன தடவையைவிட இரண்டு முழம் உள்ளே;
கரையோரம் உடைமரம் வளர்ந்துவிட்டது.

பிரேக் இல்லாத நாலு வண்டிகள்
காற்றாடி நிழலில் உறுமுகின்றன.
நல்ல கையில் கொடியைப் பிடித்தபடி
மலையைப் பார்க்கிறான் கொம்பையா:
“மேகம் எந்தப் பக்கம்லே போகுது?”